கர்ப்ப காலச் சர்க்கரைக்கு மீன் எண்ணெய் மருந்தாகுமா?

கருவுற்ற பெண் முதல் முறை பரிசோதனைக்கு வரும்போதும், பிறகு 24 முதல் 28 வாரங்களுக்குள்ளும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸ் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால், அது கர்ப்ப காலச் சர்க்கரை நோய். சென்னை மருத்துவர் வி.சேஷையா முன்னின்று வலியுறுத்திய இந்த எளிய முறையை மத்திய சுகாதாரத் துறையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

சர்க்கரை இருப்பது தெரிந்ததும் வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "மீன் மாத்திரை போட்டா சர்க்கரை இறங்கிடும்மா" என்பதும் அதில் ஒன்று. அது உண்மைதானா?

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். கரு வளர வளர, நச்சுக்கொடி சில ஹார்மோன்களைச் சுரக்கிறது. தாயின் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்ய விடாமல் அவை தடுக்கின்றன. பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரந்து இதை ஈடுகட்டிவிடும். ஈடுகட்ட முடியாதபோது சர்க்கரை ஏறுகிறது. தாயின் ரத்தத்தில் உள்ள சர்க்கரை நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், இன்சுலின் போகாது. அதனால் குழந்தை தானே அதிகமாக இன்சுலின் சுரந்து, அளவுக்கு மீறிப் பருக்கிறது. பிரசவம் சிக்கலாகிறது. பிறந்த சில மணி நேரத்தில் குழந்தைக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்தும் உண்டு.

மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் அழற்சியைத் தணிக்கும், டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பைக் குறைக்கும். அப்படியானால் இன்சுலின் வேலை செய்யவும் அவை உதவக்கூடும் என்று ஆய்வாளர்கள் எதிர்பார்த்ததில் நியாயம் இருந்தது. ஈரானில் கர்ப்ப காலச் சர்க்கரை உள்ள 56 பெண்களிடம் ஆறு வாரம் நடந்த ஆய்வு கொஞ்சம் நம்பிக்கையும் தந்தது. ஒமேகா-3 மாத்திரை எடுத்தவர்களுக்கு இன்சுலின் எதிர்ப்பு குறைந்தது. ஆனால், வெறும் வயிற்றுச் சர்க்கரை குறையவில்லை.

நோய் வராமல் தடுக்குமா என்று பார்த்த பெரிய ஆய்வுகளின் பதில் இன்னும் தெளிவானது. ஆஸ்திரேலியாவில் 2,399 கர்ப்பிணிகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குத் தினமும் டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலம் 800 மில்லிகிராம் கொண்ட மீன் எண்ணெய் கொடுத்தார்கள். சர்க்கரை நோய் வருவது குறையவில்லை. பின்லாந்தில் கூடுதல் எடையோ உடல் பருமனோ உள்ள 439 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்விலும் அதே முடிவுதான். ஏறத்தாழ 20,000 பெண்கள் பங்கேற்ற 70 ஒமேகா-3 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளிவந்த காக்ரேன் அமைப்பின் அறிக்கை, ஒமேகா-3 எடுத்தவர்களிடம் 34 வாரத்துக்கு முன்பே நிகழும் குறைப்பிரசவம் 4.6 சதவீதத்திலிருந்து 2.7 சதவீதமாகக் குறைந்ததாகச் சொன்னது. சர்க்கரை நோயைப் பொறுத்தவரை குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆக, ஒமேகா-3க்கு வேறு பலன்கள் இருக்கலாம்; சர்க்கரைக்கு அது மருந்து அல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நம் ஊரில் பல காலமாகப் புழங்கும் மஞ்சள் நிற 'மீன் மாத்திரை' பெரும்பாலும் மீன் ஈரல் எண்ணெய். மீனின் உடலிலிருந்து எடுக்கும் எண்ணெய் வேறு, ஈரலிலிருந்து எடுக்கும் எண்ணெய் வேறு. ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ செறிந்திருக்கும். அது அளவு மீறினால், குறிப்பாக முதல் மூன்று மாதங்களில், கருவின் உறுப்புகள் உருவாவதில் குறை ஏற்படலாம். ஆகவே, மருத்துவரைக் கேட்காமல் கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. சாதாரண மீன் எண்ணெய் வாங்கினாலும் அட்டையைப் படியுங்கள். '1,000 மில்லிகிராம்' என்று போட்டிருக்கும் மாத்திரையில் ஒமேகா-3 பெரும்பாலும் 300 மில்லிகிராம்தான் இருக்கும்.

மீன் சாப்பிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு அதைவிட நல்ல வழி மீனே. குழந்தையின் மூளைக்கும் விழித்திரைக்கும் டிஹெச்ஏ தேவை. மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி போன்ற மலிவான மீன்களில் அது தாராளமாக இருக்கிறது, புரதமும் கிடைக்கிறது. வாரம் இரண்டு முறை குழம்பாக வைத்துச் சாப்பிடலாம். பெரிய சுறா, வாள்மீன் போன்றவற்றில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் கர்ப்ப காலத்தில் அவை வேண்டாம்.

அப்படியென்றால் சர்க்கரைக்கு எதுதான் பலன் தரும்? ஆஸ்திரேலியாவில் கர்ப்ப காலச் சர்க்கரை உள்ள 1,000 பெண்களிடம் நடந்து, 2005-இல் வெளியான ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. உணவு ஆலோசனை, தொடர் சர்க்கரைப் பரிசோதனை, தேவைப்பட்டால் இன்சுலின் என முறையாகச் சிகிச்சை பெற்றவர்களின் குழந்தைகளுக்குக் கடுமையான பாதிப்புகள் 4 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைந்தன. சோற்றின் அளவைக் குறைத்துக் காய்கறி, பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றைக் கூட்டுவது, உணவைப் பிரித்துப் பிரித்துச் சாப்பிடுவது, மருத்துவர் அனுமதித்தால் நடப்பது ஆகியவைதான் சிகிச்சையின் முதல் படி. இரண்டு வாரம் கடைப்பிடித்தும் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு சர்க்கரை 120-க்குக் கீழே வராவிட்டால், மெட்பார்மின் மாத்திரையோ இன்சுலினோ தொடங்குவார்கள். இன்சுலின் ஊசிக்குப் பயப்பட வேண்டாம். அது நச்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போவதில்லை.

மாத்திரைக்குச் செலவழிக்கும் பணத்தில் மீனும் முட்டையும் வாங்குங்கள். மருத்துவர் சொன்ன நாளில் தவறாமல் சர்க்கரையைப் பாருங்கள். பிரசவமான ஆறாவது வாரத்தில் மறுபடியும் ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் அது நிரந்தரமாக வரும் வாய்ப்பு அதிகம். முன்கூட்டியே தெரிந்துகொண்டால் அதைத் தள்ளிப்போடவும் முடியும், தடுக்கவும் முடியும்.