சைக்கிளுக்குப் புதுச் சக்கரம் வாங்கப் போகிறீர்களா?

குறைந்த செலவில் நிறைந்த பலன் பெற சில யோசனைகள்

மைசூர் நகருக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு நெடுநாளையது. பொதுமக்கள் வாடகைக்கு எடுத்து ஓட்டும் 'டிரின் டிரின்' சைக்கிள் திட்டம் 450 சைக்கிள்களுடன் 2017 ஜூன் மாதம் இங்கேதான் தொடங்கப்பட்டது. இந்தியாவில் இத்தகைய திட்டத்தை முதலில் கண்ட நகரங்களில் மைசூரும் ஒன்று. ஹெப்பால், மேட்டகள்ளி தொழிற்பேட்டைகளுக்கும், அலுவலகங்களுக்கும் சைக்கிளில் சென்று வரும் தமிழர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பழைய கறுப்பு சைக்கிளை விட்டு, வளைந்த ஹாண்டில்பார் உள்ள 'ரோடு பைக்' வாங்கும் ஆசை நம் இளைஞர்களிடம் இப்போது வளர்ந்திருக்கிறது. பதினைந்தாயிரம், இருபதாயிரம் ரூபாயில் ஒன்றை வாங்கி விடுகிறார்கள். ஆறு மாதம் ஆனதும் நண்பர்கள் சொல்லத் தொடங்குவார்கள்: "வண்டி நல்ல வண்டிதான். சக்கரம்தான் கனம். அதை மாற்றினால் பறக்கும்!"

சைக்கிளின் விலையில் பாதியைச் சக்கரத்துக்கே கொடுக்க வேண்டியிருக்கும். மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகை, பள்ளிக்கூடச் சம்பளம், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மிஞ்சுவதில்தான் இந்தச் செலவைச் செய்தாக வேண்டும். ஆகவே, கொடுக்கும் பணத்துக்குத் தகுந்த பலன் உண்டா என்று கணக்குப் பார்ப்பது நல்லது.

கனம் குறைந்தால் எவ்வளவு லாபம்?

மலிவான ரோடு பைக்கின் இரு சக்கரங்களும் சேர்ந்து, டயர் நீங்கலாக, இரண்டேகால் கிலோவுக்குக் குறையாமல் இருப்பது சகஜம். கடைகளில் 'நல்ல சக்கரம்' என்று முதலில் காட்டப்படும் ஷிமானோ ஆர்.எஸ்.100 போன்றவை சுமார் 1,900 கிராம். வித்தியாசம் அரைக் கிலோ என்றே வைத்துக் கொள்வோம்.

இப்போது சாமுண்டி மலையை எடுத்துக் கொள்ளுங்கள். நகரிலிருந்து மலை உச்சி சுமார் 300 மீட்டர் உயரம். 65 கிலோ எடையுள்ள ஒருவர், சைக்கிளும் பையும் சேர்த்து 80 கிலோவை மேலே கொண்டு போகிறார். அதற்கு அவருக்கு 30 நிமிடம் ஆகிறது. அரைக் கிலோ என்பது 80 கிலோவில் 160-ல் ஒரு பங்கு. 30 நிமிடத்தில் 160-ல் ஒரு பங்கு எவ்வளவு? பதினோரு விநாடி! தண்ணீர் பாட்டிலைப் பாதி காலி செய்துவிட்டு ஏறினாலும் ஏறக்குறைய இதே லாபம்தான்.

"சுற்றும் கனத்துக்கு இரட்டைக் கணக்கு" என்று ஒரு பேச்சு உண்டு. அது ஓரளவு உண்மை. ரிம்மில் உள்ள கனம் முன்னே நகர்வதோடு சுற்றவும் வேண்டும். ஆகவே நின்ற இடத்திலிருந்து வேகம் எடுக்கும்போது, ரிம்மில் குறையும் 300 கிராம், உடம்பில் 600 கிராம் குறைந்ததற்குச் சமம். ஆனால் 80 கிலோவில் அதுவும் ஒரு சதவீதத்துக்குக் குறைவே. ஒரே வேகத்தில் போகும்போது இந்த இரட்டைக் கணக்கும் கிடையாது.

காற்றைக் கிழித்துச் செல்லும் ஆழமான ரிம்களின் கதையும் இதுவே. வேகம் இரு மடங்கானால் காற்றை வெல்ல எட்டு மடங்கு சக்தி வேண்டும் என்பதால், மணிக்கு 35, 40 கி.மீ. போகும் பந்தய வீரர்களுக்கு அவை உதவும். 20 கி.மீ. வேகத்தில் வேலைக்குப் போகிறவருக்கு அதனால் ஆவது சொற்பம்.

முதலில் டயரைப் பாருங்கள்

பின் எதில்தான் லாபம்? டயரில்! சாலையில் உருளும்போது டயர் அமுங்கி அமுங்கி நிமிர்கிறது. அதில் நம் உழைப்பின் ஒரு பகுதி வீணாகிறது. தடித்த, விறைப்பான மலிவு டயருக்கும், மெல்லிய நூலிழையால் ஆன நல்ல டயருக்கும் உள்ள வேறுபாடு 20 கி.மீ. வேகத்தில் 10 வாட்டுக்கு மேல் இருக்கலாம். அந்த வேகத்தில் சமதரையில் சாதாரண ஆள் செலவிடும் மொத்தச் சக்தியே 100 வாட் அளவுதான். அதாவது, உழைப்பில் பத்தில் ஒரு பங்கு மிச்சம். பத்தாயிரம் ரூபாய் சக்கரம் தராத பலனை ஒரு ஜோடி டயர் தந்துவிடும்.

பலர் செய்யும் மற்றொரு தவறு, டயர் எவ்வளவு ஒல்லியோ அவ்வளவு வேகம் என்று எண்ணுவது. 23 மி.மீ. டயரில் கல்லாகக் காற்று அடித்து ஓட்டினால், மேடு பள்ளத்தில் சைக்கிள் துள்ளும், இடுப்பு நோகும், ரிம்மும் அடிபடும். 28 மி.மீ. டயரில், 65 கிலோ ஆளுக்கு 70 முதல் 85 பவுண்டு காற்று போதும். பெங்களூர்-மைசூர் விரைவுச் சாலையின் பிரதானப் பாதையில் 2023 ஆகஸ்டு 1-ந் தேதி முதல் இருசக்கர வாகனங்களோடு சைக்கிளுக்கும் தடை என்பதை அறிவீர்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம் போகிறவர்கள் சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். அங்கே அகல டயரின் அருமை தெரியும். வாங்குமுன், போர்க்கிலும் பிரேக்கிலும் அந்த அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கொள்ளுங்கள்.

அளவில் ஏமாறாதீர்கள்

நம் அப்பா காலத்து கறுப்பு சைக்கிளின் சக்கரத்தை '28 அங்குலம்' என்போம். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் தயாரித்த ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்கள் நம் குடும்பங்களில் ஓடியவை. ரோடு பைக் சக்கரம் '700சி'. அதன் பெட்டியிலும் சில சமயம் 28 என்று போட்டிருக்கும். இரண்டும் ஒன்றல்ல! டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் குறுக்களவு, கறுப்பு சைக்கிளில் 635 மி.மீ.; 700சி-யில் 622 மி.மீ. ஒன்றின் டயர் மற்றொன்றில் சேராது. அங்குலக் கணக்கை நம்பாமல், டயரின் பக்கவாட்டில் '28-622' என்பது போல அச்சிட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள். முதல் எண் அகலம், இரண்டாவது குறுக்களவு.

சக்கரம் வாங்குவதற்கு முன் வேறு நான்கு அளவுகளையும் குறித்துக் கொள்ள வேண்டும்.

ஒன்று, பின் அச்சு உட்காரும் இடைவெளி. ரிம் பிரேக் உள்ள ரோடு பைக்குகளில் பெரும்பாலும் 130 மி.மீ.; டிஸ்க் பிரேக் உள்ளவற்றில் 135 அல்லது 142. இரும்புச் சட்டத்தைச் சற்று அகட்டலாம். அலுமினியச் சட்டத்தை அகட்டவே கூடாது, விரிசல் விடும்.

இரண்டு, பல்சக்கரம். மலிவான ஏழு கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் மரை திருகிய பிரீவீல் இருக்கும். புதுச் சக்கரங்களில் கேசட் மாட்டும் ஹப்தான் வரும். பழைய பிரீவீலை அதில் போட முடியாது. கேசட்டும், இடைவெளி வளையமும், சில சமயம் செயினும் வாங்க நேரும். இந்தச் செலவைக் கடைக்காரர் முதலில் சொல்ல மாட்டார். நாம்தான் கேட்க வேண்டும்.

மூன்று, பிரேக். ரிம் பிரேக்குக்கான சக்கரம் டிஸ்க் வண்டிக்கு உதவாது. டிஸ்க் என்றால் தட்டு ஆறு திருகில் நிற்கிறதா, நடுப்பூட்டில் நிற்கிறதா என்று பாருங்கள்.

நான்கு, வால்வு. மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு 6.5 மி.மீ. துளை, மோட்டார் சைக்கிள் மாதிரி தடித்த வால்வுக்கு 8.5 மி.மீ. ரிம்மில் எந்தத் துளையோ, அதற்கேற்ற டியூப்தான் வாங்க வேண்டும்.

இருக்கும் சக்கரத்தையே சீர்செய்யலாம்

புதுச் சைக்கிளின் ஹப்பைத் திறந்து பார்த்தால், சிலவற்றில் கிரீஸ் பேருக்குத்தான் இருக்கும். கோனும் இறுகலாக இருக்கும். அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுத்து, பால்ரஸைக் கழுவி, புதுக் கிரீஸ் வைத்து, கோனைச் சரியாக விட்டு, இரு சக்கரத்துக்கும் பெண்டு எடுக்கச் சொல்லுங்கள். தமிழ் தெரியாத கடைக்காரர் என்றால், "சக்ர சொட்ட ஆகிதெ, சரி மாடி" என்றால் போதும். ஓவராயிலிங் கூலியோடு காரியம் முடியும். பிரேக் கட்டையில் உரசிக்கொண்டிருந்த சக்கரம் நேராகிவிட்டால், புதுச் சக்கரம் வாங்கியது போலவே இருக்கும்.

பின் சக்கரத்தில் ஸ்போக்ஸ் கம்பி அடிக்கடி அறுகிறதா? உடலின் எடையில் பெரும்பகுதி பின் சக்கரத்தில்தான் விழுகிறது. கியர் இருக்கும் வலப்புறம் கம்பிகள் அதிக இறுக்கமாகவும், இடப்புறம் தளர்ந்தும் இருப்பது அமைப்பிலேயே உள்ள விஷயம். பழைய கறுப்பு சைக்கிளில் முன்னே 32, பின்னே 40 கம்பி வைத்ததும் இந்தச் சுமை கருதியே. ஒரு கம்பி அறுந்தால் அதை மட்டும் மாற்றலாம். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று, நான்கு அறுந்தால், மற்றவையும் களைத்துவிட்டன என்று பொருள். அப்போது எல்லாக் கம்பிகளையும் மாற்றுவதே சிக்கனம்.

ஹப் நன்றாக இருந்தால், இரட்டைச் சுவர் அலுமினிய ரிம்மும் துருப்பிடிக்காத கம்பிகளும் மட்டும் வாங்கி, அதே ஹப்பில் கட்டச் சொல்லலாம். ரிம்மின் துளையும் ஹப்பின் துளையும் 32-க்கு 32, 36-க்கு 36 என்று ஒத்திருக்க வேண்டும். பின் சக்கரத்துக்கு மட்டும் இப்படிச் செய்தாலும் போதும். எடை கூடியவர்களும், பின்னால் சாமான் கட்டிச் செல்பவர்களும் 36 கம்பியே கேட்டு வாங்குங்கள். இருபது கம்பிச் சக்கரம் பார்க்க அழகு; நம் வேகத்தடைகளுக்கு அது ஆகாது.

எப்போது மாற்றியே தீர வேண்டும்?

இதுவரை சொன்னது சிக்கனம். இனிச் சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது. ரிம் பிரேக் வண்டியில், பிரேக் கட்டை உரசி உரசி ரிம்மின் சுவர் தேய்கிறது. விரலால் தடவிப் பாருங்கள். உட்குழிந்திருந்தாலோ, அடையாளமாக வெட்டிய சிறு பள்ளம் மறைந்திருந்தாலோ, ரிம் ஆயுள் முடிந்தது. காற்றின் அழுத்தத்தில் அது ஒருநாள் பிளந்துவிடும். அது இறக்கத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கம்பி நுழையும் துளைகளைச் சுற்றி முடி போல விரிசல் தெரிந்தாலும் அதே எச்சரிக்கைதான். இந்த நிலையில் ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள். சிக்கனம் பார்க்கும் இடம் இதுவல்ல.

அதேபோல், மலிவு விலையில் கிடைக்கும் பெயரில்லாத கார்பன் ரிம்களில் மயங்க வேண்டாம். சாமுண்டி மலை இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் கொதிக்கும். அலுமினியம் அந்தச் சூட்டைச் சீக்கிரம் வெளியே விடும், கார்பன் விடாது. மட்டமான பசையில் செய்த கார்பன் ரிம் இளகி உருக்குலையும். ஊருக்குப் போகும் திம்பம் மலைப் பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை நம்மவர்கள் அறிவார்கள். அத்தகைய இறக்கங்களில் ரிம் பிரேக் வண்டிக்கு அலுமினியமே பாதுகாப்பு.

பழைய சக்கரம் வாங்கினால்

இரண்டாம் கைச் சக்கரமும் மோசமல்ல. பார்த்து வாங்க வேண்டும். அச்சை இரு கையால் பிடித்துச் சுழற்றுங்கள். கரகரவென்றால் பால்ரஸ் போயிற்று. பக்கவாட்டில் ஆடினால் கோன் தேய்ந்திருக்கிறது. கம்பிகளை விரலால் சுண்டுங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். தொளதொளவென்ற கம்பி நடுநடுவே இருந்தால், அடிபட்ட ரிம்மை இழுத்து நேராக்கியிருக்கிறார்கள் என்று அறியலாம். பிரேக் சுவரைத் தடவிப் பார்க்க மறக்காதீர்கள்.

செலவு வரிசை

முதலில் ஓவராயிலிங்கும் பெண்டு எடுப்பதும். அடுத்து நல்ல டயரும் டியூபும். மூன்றாவதாக, தேவைப்பட்டால் பின் சக்கரத்துக்குக் கம்பி, ரிம் மாற்றம். இவை மூன்றும் முடிந்து, ரிம் தேய்ந்த பிறகே புது ஜோடிச் சக்கரம். இந்த வரிசைப்படி போனால், பெரும்பாலோர் இரண்டாவது படியிலேயே திருப்தி அடைந்துவிடுவார்கள். மிச்சமான பணத்தில் ஒரு தலைக்கவசமும், இரவில் எரியும் சிவப்பு விளக்கும் வாங்கிக் கொள்ளுங்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது சைக்கிளுக்கும் பொருந்தும்.