வசந்தமே இல்லாத ஊரில் வசந்த கால உடைகள்

கூலாய் நகரம் பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே இரண்டு பாகைகூட விலகி இல்லை. இங்கே பனி உருகுவதுமில்லை, மார்ச் மாதத்தில் மரங்கள் திடீரெனத் துளிர்ப்பதுமில்லை. வெயில், மாலை மழை, மறுபடியும் வெயில். அப்படியிருந்தும், சீனப் புத்தாண்டின் சிவப்பு அலங்காரம் இறங்கிய கையோடு ஆடைக் கடைகளின் கண்ணாடிகளிலும் நம் கைப்பேசித் திரைகளிலும் 'வசந்த காலப் புதுவரவு' என்ற வாசகம் ஏறிவிடுகிறது. பூப்போட்ட நீளப் பாவாடை, கட்டம் போட்ட சட்டை, சுருக்கம் விழுந்த மெல்லிய பருத்தி உடை என்று ஆண்டுதோறும் பெண்களின் விருப்பப் பட்டியலில் இடம்பிடிப்பவை பெரும்பாலும் இவைதாம்.

நமக்கு இல்லாத ஒரு பருவத்தின் உடையை நாம் ஏன் வாங்க வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனால் இந்தத் துணிகள் எங்கிருந்து கிளம்பின என்று தேடிப் போனால் கேள்வி தலைகீழாகிறது. ஐரோப்பா 'வசந்தம்' என்று பெயர் வைத்திருக்கும் இந்த மூன்றுமே வெயில் நாடுகளின் துணிகள். அவற்றில் இரண்டு, நம் முன்னோர் கடந்து வந்த அதே கடலின் இரு கரைகளோடு தொடர்புடையவை.

முதலில் வணிகக் கணக்கைப் பார்த்துவிடலாம். உலக ஆடைத்துறை ஆண்டை இரண்டாக வெட்டி வைத்திருக்கிறது. வசந்தமும் கோடையும் ஒரு பங்கு, இலையுதிர் காலமும் குளிர்காலமும் மறு பங்கு. நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் நகரங்களில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மேடையேறுவது அடுத்த ஆண்டின் வசந்த உடை. கடைகள் தேர்ந்தெடுக்க, ஆலைகள் தைக்க, கப்பல்கள் சுமக்க இடைப்பட்ட மாதங்கள் தேவைப்படுகின்றன. விலைச்சீட்டில் சில நிறுவனங்கள் போடும் 'எஸ்.எஸ்.' என்ற எழுத்துகள் வசந்தம்-கோடை என்பதன் சுருக்கம். பக்கத்தில் உள்ள எண் ஆண்டைக் குறிக்கும்.

அந்த எண் கூலாய்வாசிகளுக்குக் கொஞ்சம் முக்கியம். இந்தாபுராவில் 2011-ஆம் ஆண்டின் இறுதியில் திறக்கப்பட்ட ஜோகூர் பிரீமியம் அவுட்லெட்ஸ், அந்தப் பெயரில் தென்கிழக்காசியாவுக்கு வந்த முதல் விற்பனை மையம். கெந்திங் குழுமமும் அமெரிக்காவின் சைமன் நிறுவனமும் சேர்ந்து அமைத்தது. வார இறுதிகளில் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பொதுவாக அவுட்லெட் வணிகம் என்பது கடந்த பருவங்களில் விற்காமல் தங்கிய சரக்கைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவதற்காகத் தொடங்கியது. இன்று உலக அளவில் பல நிறுவனங்கள் இத்தகைய கடைகளுக்கென்றே தனியாகத் தைத்தும் அனுப்புகின்றன. பகுதி நேர வேலையில் சேர்த்த ரிங்கிட்டைக் கொண்டு போகும் மாணவி, 'பாதி விலை' என்ற அட்டையைக் கண்டதும் மலைத்துவிடக் கூடாது. எந்த விலையில் பாதி, எந்தத் துணிக்கு அந்த விலை என்பதைப் பார்க்க வேண்டும். துணியைத் தெரிந்தவருக்குத்தான் அது பிடிபடும்.

பூப்போட்ட துணியிலிருந்து தொடங்குவோம். 17-ஆம் நூற்றாண்டுவரை ஐரோப்பியப் பெண்கள் பெரும்பாலும் கம்பளி, லினன், வசதி இருந்தால் பட்டு என்று உடுத்தினார்கள். பூ வேண்டுமென்றால் நெசவிலோ பூத்தையலிலோ கொண்டுவர வேண்டும், செலவு அதிகம். அப்போது சோழமண்டலக் கரையிலிருந்து போய் இறங்கியது வண்ணப் பூக்கள் வரைந்த பருத்தித் துணி. மெல்லியது, துவைக்கக் கூடியது, துவைத்தாலும் நிறம் போகாதது. அந்த மூன்றாவது குணம்தான் அவர்களை அசர வைத்தது.

நிறம் ஏன் போகவில்லை? துணியை முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் ஊறவைத்து உலர்த்தினார்கள். மூங்கில் எழுதுகோலால் படிகாரக் கரைசலைத் தொட்டு வரைந்த இடமெல்லாம், சாயவேர் கொதிக்கும் கொப்பரையில் இறங்கியதும் சிவப்பாகப் பிடித்துக்கொண்டது. இரும்புக் கரைசல் கறுப்பைத் தந்தது. நீலத்துக்கு அவுரி. நீலம் ஏறக் கூடாத இடங்களை மெழுகு பூசி மறைத்தார்கள். வேதியியல் படிக்கும் மாணவர்களுக்கு இது விளங்கும்: சாயத்தையும் பருத்தி இழையையும் பிணைத்து வைப்பது படிகாரத்தில் உள்ள அலுமினியம். பாடநூல் இல்லாத காலத்தில், தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தில் நின்ற வேதியியல் அது.

இந்தத் துணி ஐரோப்பாவில் பற்றிக்கொண்ட வேகத்தில் உள்ளூர் நெசவாளர்கள் அலறினார்கள். 1686-இல் பிரான்ஸ் இதன் இறக்குமதியையும் இதைப் போல உள்நாட்டில் அச்சிடுவதையும் தடை செய்தது. தடை நீங்கியது 1759-இல், அதாவது 73 ஆண்டுகள் கழித்து. இங்கிலாந்தில் கதை இன்னும் கடுமை. 1719-இல் லண்டன் பட்டு நெசவாளர்கள், பூப்போட்ட பருத்தி உடுத்தித் தெருவில் நடந்த பெண்களைத் துரத்திப் பிடித்து உடையைக் கிழித்தார்கள், மையை ஊற்றினார்கள். 1721-இல் வந்த சட்டம் அப்படிப்பட்ட துணியை அணிவதையே குற்றமாக்கியது. 1774-இல்தான் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த நெசவாளர்களைக் கொடியவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது, அவர்கள் வீட்டு அடுப்பு எரிய வேண்டியிருந்தது. ஆனால் அடி விழுந்தது சட்டம் போட்டவர்கள்மீதோ வணிகர்கள்மீதோ அல்ல, பிடித்த உடையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்த பெண்கள்மீது. இன்றும் பெண்ணின் உடையைப் பற்றி ஊரே தீர்ப்புச் சொல்லும்போது இந்தச் சம்பவம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

தடை இருந்த காலத்திலேயே தொழில் ரகசியமும் கப்பலேறியது. கேர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1742-இல் சோழமண்டலக் கரையிலிருந்து எழுதிய கடிதத்தில், சாயமேற்றும் முறையைப் படிப்படியாக விவரித்தார். தமக்குத் தெரிந்த நெசவு, சாயத் தொழிலாளர்களிடம் கேட்டறிந்த விவரங்கள் அவை. அந்தத் தொழிலாளர்களுக்கு அதனால் ஒரு காசும் கிடைத்ததாகத் தெரியவில்லை. பிறகு இயந்திரங்கள் வந்தன, அச்சு உருளைகள் வந்தன. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலைத் துணி தமிழகக் கரைக்கே திரும்பி வந்து தறிகளை முடக்கியது. பூ மட்டும் ஐரோப்பாவின் வசந்தத்தில் தங்கிவிட்டது.

அடுத்தது கட்டம். வசந்தம் வந்தால் தவறாமல் தலைகாட்டும் 'கிங்கம்' சிறுகட்டத் துணியை மிகவும் பிரபலமாக்கியவர்களில் ஒருவர் பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்தோ. 1959-இல் வெண்பட்டை விட்டுவிட்டு இளஞ்சிவப்புக் கிங்கம் உடையில் திருமணம் செய்துகொண்டார். அந்தப் பெயரின் மூலம் எது தெரியுமா? கோடு போட்ட துணியைக் குறிக்கும் 'கெங்காங்' என்ற மலாய்ச் சொல். டச்சு வணிகர்களின் வாயில் புகுந்து ஆங்கிலத்துக்குப் போயிற்று என்பது அகராதிகள் தரும் விளக்கம்.

போன சொல்லுக்கு ஈடாக ஒரு சொல் இங்கே வந்தும் இருக்கிறது. மலாய்க்காரர்கள் வீட்டில் உடுத்தும் கட்டம் போட்ட சாரோங்குக்குக் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். பெலிக்காட் என்பது சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காடு. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டிக்கொண்டு துணி வாங்கினார்கள், அதைக் கொடுத்துத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். அவர்களுக்கு முன்பே தமிழ் வணிகர்கள் மலாக்காவுக்குத் துணி மூட்டைகளோடு வந்துகொண்டிருந்தார்கள். நம் தாத்தாக்கள் கட்டிய கைலியும் பக்கத்து வீட்டு பாக்சிக் கட்டும் சாரோங்கும் ஒரே தறிக் குடும்பம்.

'மெட்ராஸ் செக்' என்ற பெயரில் அமெரிக்காவில் கோடைச் சட்டையாக விலைபோனதும் இதே உறவுதான். 1958-இல் அங்கே போன துணியில் சாயம் இறங்கி வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வந்தார்களாம். உடனே விற்பனையாளர்கள், 'இதன் சாயம் நிச்சயம் இறங்கும்' என்பதையே பெருமையாக விளம்பரம் செய்து விற்றுத் தீர்த்ததாக ஒரு கதை ஆடைத்துறையில் இன்றும் உலவுகிறது. குறையைக் குணமாக்கிய கெட்டிக்காரத்தனம்!

சுருக்கத் துணியான 'சீர்சக்கர்' பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. பாலும் சர்க்கரையும் என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர். ஒரு கோடு வழவழப்பு, அடுத்த கோடு சொரசொரப்பு. மேடு பள்ளம் இருப்பதால் உடம்போடு ஒட்டாது, காற்று புகும், இஸ்திரியும் வேண்டாம். கூலாய் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான துணி சொல்வது கடினம். வசந்தப் பட்டியலில் வரும் நீண்ட மழைக் கோட்டைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அது பத்துப் பாகைக் குளிருக்கானது. இங்கே புகைப்படத்துக்கு மட்டும் உதவும்.

வாங்குமுன் உள்பக்கத்து லேபிளைப் பாருங்கள். மேலே வசந்தம் என்று இருக்கும், உள்ளே நூறு விழுக்காடு பாலியெஸ்டர் என்று இருக்கும். பூ அழகாகத்தான் இருக்கும். ஆனால் பாலியெஸ்டர் வியர்வையைப் பருத்தியைப் போல உறிஞ்சாது. பேருந்துக்குக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் அது தெரிந்துவிடும். அச்சிட்ட துணியானால் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம். கட்டம் நெய்யப்பட்டதா, மேலே அச்சடித்ததா என்பது அங்கே அம்பலமாகும். நெய்த கட்டம் இரு பக்கமும் ஒரேபோல் இருக்கும்.

கையில் காசு குறைவென்றால் வேறொரு வழி உண்டு. இரவுச் சந்தையிலோ துணிக்கடையிலோ நல்ல பருத்திப் பெலிக்காட் ஒன்றை வாங்குங்கள். பக்கத் தையலைப் பிரித்தால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் கட்டத் துணி கிடைக்கும். தெரிந்த தையற்காரரிடம் கொடுத்தால் ஒரு பாவாடை தேறும். தைக்கக் கொடுக்குமுன் ஒருமுறை தனியாக அலசிவிடுங்கள். சில துணிகளில் இன்றும் சாயம் இறங்கும்.