கிணற்றுக்கு அடியில் கடல்

2019 மே மாதம் எங்கள் வீட்டுக் கிணற்றில் உப்பு ஏறியது. அம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள். குக்கரில் ஆறு விசில் விட்டும் துவரம்பருப்பு குழையவில்லை. அப்பா ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் கிணற்றடிக்குப் போய் நின்றார்.

வீடு திருவான்மியூரில். கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். முந்தைய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததால் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஜூனுக்குள் வறண்டன. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் சென்னைக்கு ரயிலில் வந்தது. லாரி வரும் நாட்களில் எங்கள் தெருவில் குடங்களின் வரிசை முனைவரை நீளும்.

கிணற்றில் உப்பு ஏறிய அந்த மே மாதம் நான் பிளஸ் ஒன் முடித்திருந்தேன். கோடை விடுமுறையில் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்ற வேகம் இருந்தது. குழாய்களை மாற்றலாம், புதிய தொட்டி வைக்கலாம் என்று ஒரு பட்டியலை அப்பாவிடம் நீட்டினேன். முப்பது வருடம் ஃபிட்டராக வேலை பார்த்தவர். பட்டியலைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு நோட்டையும் பென்சிலையும் கொடுத்தார். "எங்க போகுதுன்னு தெரியாம எதை நிறுத்துவேம்மா? முதல்ல அளந்துட்டு வா."

வீட்டில் தண்ணீர் மீட்டர் கிடையாது. மாடித் தொட்டியையே மீட்டராக்கச் சொன்னார். அதன் விட்டம் 1 மீட்டர். அப்படியென்றால் மட்டம் 1 செ.மீ. இறங்கும்போது வெளியேறுவது ஏறக்குறைய 7.85 லிட்டர். இரவு 10 மணிக்கு எல்லோரும் படுத்த பிறகு குச்சியை விட்டு அளந்தேன். காலை 5 மணிக்கு, யாரும் குழாயைத் தொடும் முன் மறுபடி அளந்தேன். மட்டம் 1.65 செ.மீ. இறங்கியிருந்தது. வீடே தூங்கிய 7 மணி நேரத்தில் 13 லிட்டர் காணாமல் போயிருக்கிறது.

பின்கட்டுக் குழாய் சொட்டுவது எல்லோருக்கும் தெரியும். எண்ணினேன், நிமிடத்துக்கு 40 சொட்டு. ஒரு சொட்டு எவ்வளவு என்று அப்பா கேட்டார். இருமல் மருந்து மூடியைக் கீழே பிடித்து நூறு சொட்டு விழும்வரை குந்தியிருந்தேன். சரியாக 15 மி.லி. மறுபடி பிடித்தேன், அதே 15. அந்த ஒழுங்கு என்னைத் திகைக்க வைத்தது. யாரோ அளந்து அளந்து ஊற்றுவதைப் போல ஒவ்வொரு சொட்டும் ஏன் ஒரே அளவாக இருக்க வேண்டும்?

தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துப் பிடித்த தோல் போல நடந்துகொள்கிறது. குழாயின் விளிம்பைச் சுற்றிலும் அந்தத் தோல் ஒட்டிக்கொண்டு, கீழே தொங்கும் நீரைத் தாங்குகிறது. அதால் எவ்வளவு தாங்க முடியும் என்பதை விளிம்பின் சுற்றளவு தீர்மானிக்கிறது. எடை அந்த எல்லையைத் தாண்டிய கணத்தில் கழுத்து மெலிந்து, அறுந்து, விழுகிறது. விளிம்பு மாறாதவரை சொட்டும் மாறாது. தாமஸ் டேட் என்பவர் 1864இல் இதை அளந்து எழுதி வைத்தார். மருந்துச் சொட்டானின் குறுகிய மூக்கிலிருந்து 1 மி.லி.க்கு இருபது சொட்டு விழும். அகன்ற வாய் கொண்ட எங்கள் குழாயிலிருந்தோ ஏழு சொட்டுக்குள் அதே அளவு போய்விடுகிறது. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 8.6 லிட்டர். இரண்டு நாளில் ஒரு குடம் நிரம்பி வழியும்.

ஆனால் இரவின் 7 மணி நேரத்தில் இந்தக் குழாய் எடுத்துக்கொண்டது இரண்டரை லிட்டர்தான். மீதிப் பத்தரை லிட்டர் எங்கே?

அப்பா துணி அலசும் சொட்டு நீலத்தை எடுத்துவந்து கழிவறைத் தொட்டிக்குள் பத்துச் சொட்டு விட்டார். அரைமணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது என்றார். திரும்பிப் போய்ப் பார்த்தபோது, கீழே பீங்கானின் வெள்ளைச் சரிவில் நூலிழை போல ஒரு நீலக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. உள்ளே வரும் வால்வை மூடிவிட்டுத் தொட்டியில் பென்சிலால் கோடு போட்டோம். 2 மணி நேரத்தில் மட்டம் 5 செ.மீ. இறங்கியது. தொட்டியின் பரப்பு 600 சதுர செ.மீ. ஆக 3 லிட்டர், ஒரு நாளைக்கு 36 லிட்டர். அதை 7 மணி நேரத்துக்கு வகுத்தேன்: 10.5. குழாயின் 2.5ஐக் கூட்டினால் 13! மாடியில் தொலைந்த தண்ணீர் கீழே லிட்டர் பிசகாமல் கிடைத்துவிட்டது. பள்ளியில் நான் போட்ட எந்தக் கணக்கும் அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

தொட்டியைத் திறந்து அடைப்பு ரப்பரைக் கழற்றிக் காட்டினார் அப்பா. விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்புப் படிவு. அதனால்தான் ரப்பர் சரியாக உட்காரவில்லை. "கிணத்து உப்பு இங்க வந்து உட்கார்ந்திருக்கு பாரு" என்றவர், அன்று சாயங்காலம் ஒரு கண்ணாடி டம்ளரோடு வந்தார்.

டம்ளரில் பாதிவரை உப்பு கரைத்து நீலம் கலந்த தண்ணீர். அதன் மேல் ஒரு கரண்டியின் முதுகு வழியாக நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றினார். இரண்டும் கலக்கவில்லை. நீலத்தின் மேல் தெளிவாக ஒரு தனி அடுக்கு மிதந்தது. எங்கள் தெருவுக்கு அடியில் இருப்பது இதுதான் என்றார். கடலோர மணலுக்குள் மழைநீர், உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது.

கடல்நீர் நல்ல நீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனம். எனவே 40 மீட்டர் உயரக் கடல்நீர்த் தூணும் 41 மீட்டர் உயர நல்ல நீர்த் தூணும் ஒரே எடை. கிணற்று நீர்மட்டம் கடல்மட்டத்தைவிட 1 மீட்டர் மேலே நின்றால், அந்த ஒற்றை மீட்டர் தன் எடையால் உப்புநீரை 40 மீட்டர் ஆழத்துக்கு அமுக்கி வைத்திருக்கிறது. நெதர்லாந்தின் ராணுவப் பொறியாளர் பாடோன் கைபன் 1880களின் இறுதியிலும், ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் 1901இலும் தனித்தனியே கண்ட உண்மை இது. இதன் மறுபக்கம்தான் எங்களை உலுக்கியது. மேலே ஓர் அடி இறங்கினால், காலப்போக்கில் கீழிருந்து கடல் நாற்பது அடி ஏறிவரும். நிலத்தடியில் இரண்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டியது போன்ற எல்லை இல்லை, கலங்கலான ஒரு பட்டை உண்டு. மாற்றத்துக்கு ஆண்டுகளும் ஆகலாம். ஆனாலும் கணக்கு பொய்ப்பதில்லை. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் பல ஆண்டுகள் அளவுக்கு மீறி இறைத்ததில் கடல்நீர் உள்நாட்டுக்குள் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் புகுந்திருக்கிறது.

பிறகு அப்பா என்னிடம் ஒரு ஸ்ட்ராவைக் கொடுத்து மேலடுக்கை உறிஞ்சச் சொன்னார். பலமாக இழுத்தேன். நீலம் கீழிருந்து கூம்பாக எழுந்து ஸ்ட்ராவின் வாயைத் தொட்டது. நாக்கில் உப்பு. "இப்ப மெதுவா இழு." கூம்பு தாழ்ந்தது.

எங்கள் மோட்டார் தினமும் ஒரே மூச்சில் முக்கால் மணி நேரம் ஓடும். மறுநாளிலிருந்து பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து ஓட்டினோம். நீலக் கோட்டின் அர்த்தமும் அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. கிணற்று உப்பு ரப்பரைக் கெடுக்கிறது, ரப்பர் கசிகிறது, கசிவை ஈடுகட்ட மோட்டார் கூடுதலாக ஓடுகிறது, கிணற்றில் உப்பு இன்னும் ஏறுகிறது. சில ரூபாய் ரப்பர் ஒன்றை மாற்றி அந்தச் சக்கரத்தை நிறுத்தினோம். குழாய்க்கும் புது வாஷர் போட்டேன்; ஸ்பேனர் என் கையில், டார்ச் அப்பா கையில். ஒரு நாளைக்கு மூன்று குடம் மிஞ்சியது.

மழைக்கு முன் மொட்டைமாடி வேலை. 2003இல் தமிழ்நாடு அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது போட்ட குழாய் எங்கள் வீட்டிலும் இருந்தது. அதற்குள் பதினாறு வருட இலையும் மண்ணும் அடைத்துக் கிடந்தன. 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். எங்கள் மாடி 800 சதுர அடி, அதாவது 74 சதுர மீட்டர். சென்னையில் சராசரியாக ஆண்டுக்கு 1400 மி.மீ. அளவுக்கு மழை. பெருக்கிப் பார்த்துவிட்டு நோட்டை அப்பாவிடம் காட்டினேன்: ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் லாரிகளில் எட்டு லாரித் தண்ணீர் ஆண்டுதோறும் எங்கள் தலைக்கு மேல் வந்து, தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. குழாயைக் குடைந்து சுத்தம் செய்தோம். ஒரு பழைய நீல டிரம்மில் அடியில் கருங்கல் ஜல்லி, நடுவில் சிறு ஜல்லி, மேலே மணல் நிரப்பி, அதன் வழியாகக் கிணற்றில் இறக்கினோம்.

பருவமழையின் முதல் நல்ல மழை நள்ளிரவுக்கு மேல் வந்தது. குடையோடு இருவரும் ஓடினோம். முதலில் வந்தது பழுப்புத் தண்ணீர், காக்கை எச்சமும் புழுதியும். மழைக்குழாயின் மூடியைத் திறந்து அதை வெளியே விட்டோம். தெளிந்ததும் அப்பா தலையசைத்தார், நான் மூடியைத் திருகினேன். டிரம்முக்குள் சளசளவென்று சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஆழத்தில், கிணற்றுக்குள் விழும் சத்தம்.

ஒரு வாரம் கழித்துக் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினேன். மேலிருந்து பதினான்காவது உறையில் கிடந்த தண்ணீர் பதினொன்றாவது உறைக்கு வந்திருந்தது.

"தங்காதும்மா. மணல்தானே, பக்கத்து வீட்டுக்குப் போயிடும்."

"நம்ம மழையாச்சே அப்பா."

"அடியில ஏதும்மா காம்பவுண்டு சுவரு?" என்றவர் டார்ச்சையும் குழாய் குடையும் கம்பியையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கேட்டைத் தட்டினார். அவர்கள் மழைக்குழாயிலும் இலை அடைத்திருந்தது.