கதவைப் பிடித்திருப்பது மின்சாரமல்ல

காரின் சென்ட்ரல் லாக் ‘டக்’கென்று விழுந்ததும், கதவை மின்சாரம் இறுக்கிப் பிடித்திருப்பதாகவே பலர் நினைக்கிறார்கள். பேட்டரி இறங்கினால் கதவு தானாகத் திறந்துகொள்ளுமோ, அல்லது திறக்கவே திறக்காதோ என்ற இரண்டு பயங்களும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. உண்மையில், பூட்டி முடித்த பிறகு லாக் மோட்டாருக்குள் மின்சாரமே போவதில்லை. பொத்தானை அழுத்தியதும் ரிலே வழியாக ஒரு கணம் மட்டும் 12 வோல்ட் பாய்கிறது. கதவுக்குள் இருக்கும் சின்ன மோட்டார் பற்சக்கரங்களைச் சுழற்றி ஒரு நெம்புகோலைத் தள்ளிவிட்டு ஓய்ந்துவிடுகிறது. திறப்பதற்கு, அதே இரண்டு ஒயர்களில் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறும். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த நெம்புகோலும் கதவைப் பிடிப்பதில்லை. கதவின் விளிம்பில் தெரியும் லாட்சின் கொக்கி, எதிரே தூணில் திருகியிருக்கும் இரும்பு வளையத்தைக் கவ்விக்கொள்கிறது. பூட்டினாலும் பூட்டாவிட்டாலும் கவ்வல் ஒன்றேதான். பெரும்பாலான கார்களில் மோட்டார் செய்வது, வெளி ஹேண்டிலுக்கும் கொக்கிக்கும் உள்ள தொடர்பை விலக்கி வைப்பது மட்டுமே. பூட்டிய காரின் ஹேண்டிலை இழுப்பது, வாளி கழன்ற கிணற்றுக் கயிற்றை இழுப்பது போல. எவ்வளவு முரட்டுத்தனமாக இழுத்தாலும் அந்த பலம் கொக்கியைப் போய்ச் சேராது. சில மோட்டார்களில் இன்னொரு நுணுக்கமும் உண்டு: சுழலும்போது மட்டும் விரிந்து பற்றிக்கொண்டு, நின்றதும் விட்டுவிடும் ஒரு கிளட்ச். அதனால் பூட்டுக் குமிழைக் கையால் தூக்கும்போது மோட்டாரையும் சேர்த்துச் சுற்ற வேண்டியதில்லை. கைக்கு ஒரு வழி எப்போதும் இருக்க வேண்டும் என்று யோசித்துச் செய்த வேலை அது.

அப்படியானால் விபத்தில் காருக்குள் சிக்கிக்கொள்வது எப்படி என்று கேட்கலாம். மோதலில் கதவுச் சட்டம் நசுங்கினால் கொக்கியே அசையாது. சைல்ட் லாக் போட்ட பின்கதவு உள்ளிருந்து திறக்காது. இரண்டுக்கும் மின்சாரத்தைக் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல வேண்டியது, கொக்கியை விடுவிக்கும் வேலையையும் மோட்டாரிடமே ஒப்படைத்து, உள் ஹேண்டிலை வெறும் பொத்தானாக்கிவிட்ட புது வடிவங்களைத்தான். அவற்றில் பலவற்றில் அவசரத்துக்கு இழுக்கும் கைப்பிடி இருந்தாலும், சிலவற்றில் அது பயணியின் கண்ணில் எளிதில் படுவதில்லை. புகை சூழ்ந்த நேரத்தில் யார் கையேட்டைப் புரட்டுவார்கள்? 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாராகும் கார்களில், மின்சாரம் போனாலும் சென்ட்ரல் லாக்கைக் கையால் விடுவிக்க வழி இருப்பது கட்டாயம். நல்ல விதி. ஆனால் அந்த வழி எங்கே இருக்கிறது என்று பின்சீட்டில் ஏறுபவருக்குச் சொல்பவர்கள் குறைவு.

நம் அலட்சியமும் சேர்ந்துகொள்கிறது. ரிமோட் வந்த பிறகு சாவித்துவாரத்தைத் தொடுவாரில்லை. தொடாத பூட்டு துருவேறி இறுகுகிறது. கதவின் அடிவிளிம்பில் மழைநீர் வடியும் துளைகளைச் சேறு அடைத்தால், ஈரம் உள்ளேயே தங்கி மின் இணைப்புகளில் களிம்பு பிடிக்கிறது. மோட்டாரை மாற்றினால் தீர்ந்தது என்பார்கள். துளை அடைபட்டே கிடந்தால் புது மோட்டாருக்கும் அதே கதிதான். பேட்டரி இறங்கினால் வெளியிலிருந்து திறக்க உதவும் சாவித்துவாரமோ, பல கார்களில் ஓட்டுநர் கதவில் மட்டும்தான் இருக்கிறது. சிலவற்றில் அதையும் ஹேண்டில் ஓரத்து மூடியைக் கழற்றித்தான் பார்க்க முடியும். அதற்கான சாவி ரிமோட்டுக்குள்ளேயே செருகியிருக்கும்.