ஆட்டு ஈரலில் நீர்க்கட்டி: நாய்க்கு எறியலாகாது

புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களில் அய்யனார், முனி கோயில்களில் கிடா வெட்டும்போதும், ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் ஆடு அறுக்கும்போதும், கொழுப்புச் சவ்விலோ ஈரலின் மேலோ நீர் நிறைந்த பை ஒன்று தொங்குவதைக் காணலாம். பட்டாணி அளவு முதல் கோழிமுட்டை அளவு வரை இருக்கும். அறுப்பவர் அதைக் கிள்ளி, காத்து நிற்கும் நாயிடம் எறிந்துவிடுவார். இறைச்சி சுத்தமாகிவிட்டது என்று எண்ணுவார். உண்மையில் மந்தைக்கு அடுத்த நோய்க்கான வித்து அப்போதுதான் விழுகிறது.

நீர்க்கட்டி என்றதும் கண்மாய் நீர் குடித்ததாலோ ஈரப்புல் மேய்ந்ததாலோ வந்தது என்று நினைக்க வேண்டாம். இது நாயின் குடலில் வாழும் நாடாப்புழுவின் இளம்பருவம் ஆகும். பையைக் கீறிப் பார்த்தால் உட்சுவரில் வெள்ளையாக ஒரு முனை தெரியும். அதுவே புழுவின் தலை. நாய் அதைத் தின்றால், சுமார் ஏழு வாரங்களில் பல அடி நீளமுள்ள புழுவாக வளர்ந்துவிடும். முட்டை நிறைந்த கணுக்கள் நாயின் மலத்தில் வெளியேறும். நாய் திரியும் புறம்போக்கிலும் ஊருணிக் கரையிலும் மேயும் ஆட்டின் வயிற்றில் அந்த முட்டைகள் சேர்கின்றன. குஞ்சுப்புழு குடலைத் துளைத்து, இரத்தத்தின் வழியே ஈரலை அடைந்து, அதைக் குடைந்து வெளிவந்து பையாகிறது. வளர்ந்த ஆட்டுக்கு ஒன்றிரண்டு பைகளால் தொல்லை தெரியாது. ஆனால் குட்டிகள் ஏராளமான முட்டைகளை ஒருங்கே உட்கொண்டால், ஈரலில் இரத்தம் கசிந்து திடீரென இறப்பதுண்டு.

இந்தப் பை மனிதருக்குத் தொற்றுவதில்லை. அதை நீக்கிவிட்டு இறைச்சியை உண்ணலாம். அஞ்ச வேண்டியது 'ஹைடாடிட்' எனப்படும் வேறொரு கட்டிக்கே. இது ஈரலிலும் நுரையீரலிலும் பதிந்து வளரும். சுவர் வெளுத்துத் தடித்திருக்கும். முன்னதைப் போல ஒற்றைத் தலை தெரியாது. இதன் தாய்ப்புழு நாயின் குடலில் அரை சென்டிமீட்டர் நீளமே இருக்கும். ஆகவே மலத்தில் கண்ணுக்குப் புலப்படாது. ஆயினும் ஒரே நாயில் ஆயிரக்கணக்கில் இருக்கக்கூடும். முட்டைகள் நாயின் மயிரில் ஒட்டிக்கொள்ளும். நாயைத் தடவிய கையைக் கழுவாமல் உண்ணும் குழந்தைக்கு இது தொற்றலாம். மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி பல ஆண்டுகள் ஓசையின்றி வளர்ந்து, பெரும்பாலும் அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய் விடுகிறது. மனிதருக்கு இது வருவது ஆட்டிறைச்சியால் அன்று, நாயால்தான். ஈரலை நன்றாக வேகவைத்து உண்பவர்கூட, கட்டியை நாய்க்கு எறிந்தால் ஆபத்தைத் தம் வீட்டு முற்றத்திலேயே வளர்க்கிறார்.

ஆடு தலையைச் சாய்த்து ஒரே பக்கமாகச் சுற்றினால், நாயின் மற்றொரு நாடாப்புழுவின் கட்டி மூளையில் இருக்கக்கூடும். அத்தகைய ஆட்டின் தலையையும் நாய்க்குப் போடலாகாது.

ஆட்டுக்கும் நாய்க்கும் பஞ்சமில்லாத ஐஸ்லாந்து நாட்டில் ஒரு காலத்தில் ஹைடாடிட் நோய் மக்களை வாட்டியது. ஹரால்டு கிராபே என்ற டென்மார்க் அறிஞர் 1863-இல் அங்கு சென்று ஆராய்ந்தார். அவர் எழுதிய சிறு நூல் அடுத்த ஆண்டு வீடுதோறும் இலவசமாக வழங்கப்பட்டது. இன்றுள்ள மாத்திரைகள் அன்று கிடையா. இருந்தும் அறுப்புக் கழிவை நாய்க்குக் கிட்டாமல் செய்தும், நாய்களுக்குக் குடற்புழு நீக்கியும் இருபதாம் நூற்றாண்டில் அந்நோயை அவர்கள் ஒழித்தே விட்டனர்.

ஆட்டுக்கு வழக்கமாக ஊற்றும் குடற்புழு மருந்து இந்தக் கட்டிகளைக் கரைக்காது. அதை நம்பிச் செலவிடுவது வீண். மருந்து தேவைப்படுவது நாய்க்கு! கட்டியுள்ள உறுப்புகளை மூன்று நான்கு அடி ஆழத்தில் புதைத்து, நாய் தோண்டாதபடி மேலே கல்லும் கருவேல முள்ளும் போட வேண்டும். நாய்க்குக் குடல் போட்டே தீர வேண்டுமென்றால், கட்டிகளை நீக்கிய பின் துண்டு துண்டாக்கி அரைமணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்கவைத்துப் போடலாம்.

கிடை நாய்க்கும் வீட்டு நாய்க்கும் கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி பிராசிகுவான்டல் மாத்திரை கொடுக்க வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம், 10 கிலோ எடையுள்ள நாய்க்கு 50 மில்லிகிராம் போதும். ஆறு வாரங்களுக்கு ஒருமுறை கொடுப்பது சாலச் சிறந்தது. இயலாதவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கொடுக்கலாம். மருந்து புழுவைக் கொல்லுமே தவிர முட்டையைக் கொல்லாது. எனவே இரண்டு நாட்கள் நாயைக் கட்டிவைத்து, மலத்தைப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும். மாத்திரையை மீன் துண்டுக்குள் செருகிக் கொடுத்தால் நாய் துப்பாது.