நில்லாத அலகு

அமெரிக்கக் கவிஞர் ஜீன் டூமர் 1923-இல் வெளியிட்ட 'கேன்' என்னும் நூலில், அறுவடைக்காரர்களைப் பற்றி எட்டே அடிகளில் அமைந்த கவிதையொன்று இருக்கிறது. உழைப்பைப் பாடிய கவிதைகளில், இத்தனை பயங்கரத்தை இவ்வளவு சிறிய இடத்தில் அடக்கிய வேறொன்றை நான் படித்ததில்லை.

கறுப்பினத் தொழிலாளர்கள் நீண்ட பிடி போட்ட அரிவாள்களைத் தீட்டுகிறார்கள். தீட்டியானதும், நித்தியம் செய்து பழகிய கையோடு சாணைக்கல்லைக் கால்சட்டைப் பையில் செருகிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகப் பேச்சின்றி அறுக்கத் தொடங்குகிறார்கள். பிறகு கறுப்புக் குதிரைகள் பூட்டிய அறுப்பு யந்திரம் களைகளினூடே வருகிறது. வயல் எலியொன்று அதில் அகப்பட்டுக் கிறீச்சிட்டு, வயிறு மண்ணில் படிய இரத்தம் சிந்துகிறது. யந்திரமோ நிற்கவில்லை.

எலியின் மரணத்தைக் காட்டிலும், கறைபட்ட அந்த அலகு சற்றும் தயங்காமல் மேற்செல்வதே என் ஹிருதயத்தைக் கலக்குகிறது. அரிவாள் பிடித்தவன், காலடியில் ஒரு ஜீவன் துடிக்கக் கண்டால் கையை நிறுத்தக்கூடும். தரையை ஒட்டி இடமும் வலமுமாக ஓடும் கத்திப் பற்களோ, சக்கரத்தின் சுழற்சியால் இயங்குபவையாதலால், குதிரை நடக்கும்வரை வெட்டிக்கொண்டே இருக்கும். ஓட்டுபவன் யாரென்று கவிதை சொல்லவேயில்லை. சாணைக்கல்லைச் செருகுவதைச் சொல்லும் இடத்திலும், கறைபட்ட அலகைச் சொல்லும் இடத்திலும் கவிஞர் தன்மையில் பேசுகிறார். அப்போதும் தாம் கண்டதைச் சொல்கிறாரேயன்றி, பரிதாபமாக ஒரு வார்த்தை உதிர்க்கவில்லை.

டூமர் 1921-இல் ஜார்ஜியா மாநிலத்து ஸ்பார்ட்டா என்னும் சிற்றூரில், கறுப்பின மாணவர்களுக்கான பள்ளியொன்றில் சில காலம் தலைமைப் பொறுப்பு வகித்தவர். 1865-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்துவிட்ட போதிலும், சொந்த நிலம் வாய்க்காதவர்கள் வாரத்துக்குப் பயிரிட்டு, விதைக்கும் சோற்றுக்கும் பட்ட கடனிலிருந்து மீளாமல் உழன்ற பிரதேசம் அது; குற்றம் விசாரிக்கப்படாமலே கறுப்பினத்தவர்கள் வெறிபிடித்த கும்பல்களின் கையில் மாண்ட காலமும் அதுவே. கவிதையில் இவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் இவற்றை அறிந்த பின் அந்த எலியை வெறும் எலியாக என்னால் பார்க்க முடியவில்லை.

மேல்நாட்டு ஓவியர்கள் காலனின் கையில் கொடுத்த ஆயுதமும் இதே நெடும்பிடி அரிவாள்தான். ஆகவே அதைத் தீட்டுவதைக் கலகத்துக்கு ஆயத்தம் என்று கொள்ளவும் இடமுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை: கல்லைப் பையில் செருகும் அந்த அடக்கமான செய்கையில், மறுநாளும் அதே வயலுக்கு வரவேண்டியவர்களின் அயர்ச்சியைத்தான் காண்கிறேன்.