ஊரார் பேணும் காடு

காடு அரசாங்கத்துக்குரியது, அதைக் காப்பதும் அரசாங்கத்தின் வேலையே என்று நம் கமக்காரரிற் பலர் எண்ணுவர். ஆயினும் விறகுக்கும், மாட்டுத் தீனிக்கும், வயலுக்கிடும் குழைக்கும், வேலிக் கதியாலுக்கும் அவர்கள் நாடுவது அக்காட்டையே. உரிமையில்லாத இடத்திலிருந்து எடுப்பவன் நாளைக்கென எதையும் விட்டுவைப்பதில்லை. தான் விட்டதை அடுத்தவன் எடுத்துவிடுவான் என்பதை அவன் அறிவான். இந்நிலையை மாற்றும் வழியை அறிய விரும்புவோர் நேபாள நாட்டின் அனுபவத்தைக் கவனித்தல் நன்று.

1957 ஆம் ஆண்டில் அந்நாட்டின் தனியார் காடுகள் அரசுடைமையாக்கப்பட்டன. காடு தம் கையை விட்டுப் போயிற்றெனக் கருதிய ஊரார் அதைப் பேணுதலில் அக்கறை இழந்தனர். மலைச்சரிவெங்கும் காவல் செய்ய அரசிடம் ஆட்களும் இல்லை. 1978 இல் கிராமப் பஞ்சாயத்துக்களிடம் காட்டை ஒப்படைக்க விதிகள் இயற்றப்பட்டன. எனினும் பஞ்சாயத்தில் முடிவு செய்வோரும் காட்டிற் புல்லறுப்போரும் வேறு வேறானவர். 1993 ஆம் ஆண்டுச் சட்டமே ஒரு காட்டை உண்மையாகப் பயன்படுத்தும் வீட்டார் யாவரும் கூடிக் குழு அமைக்க வழி செய்தது. நிலம் அரசுக்கே உரியது. விளைபொருளும் அதனால் வரும் பணமும் குழுவுக்குரியன. இன்று அங்கு 22,000 க்கு மேற்பட்ட குழுக்கள் உள்ளன. 1992 இல் நாட்டின் நிலப்பரப்பில் 26 சதவீதமாயிருந்த காடு 2016 இல் 45 சதவீதமாயிற்றெனச் செய்மதிப் படங்களைக் கொண்டு மதிப்பிட்டுள்ளனர். ஆடவர் பிறநாடுகளுக்கு உழைக்கச் சென்றமையால் தரிசான வயல்களில் மரம் முளைத்தமையும் இதற்கு ஒரு காரணமாகும்.

கமக்காரர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது பசளை பற்றியதாகும். மாடு காட்டில் மேய்ந்தால் அதன் சாணம் காட்டிலேயே சிதறிப்போகும்; கன்றுகளும் மிதிபடும். குழுக்கள் மேய்ச்சலைத் தடுத்து, புல்லை அறுத்துச் செல்ல விட்டபோது மாடு தொழுவத்தில் நின்றது. காட்டுச் சருகை அதன் கீழ்ப் பரப்பினால் சாணமும் சலமும் அதில் ஊறி நல்ல கூட்டெரு கிடைக்கும். ஆனால் சருகு முழுவதையும் வாரிவிடலாகாது. வெறுந்தரையில் மழை விழுந்தால் மேல்மண் அள்ளுண்டு போகும்.

இம்முறையால் யாவர்க்கும் ஒருங்கே நன்மை விளைந்ததெனக் கூறுவது உண்மையாகாது. காட்டை மூடிய நாளிலே, மாடும் வயலும் உள்ளவர் பொறுத்திருந்தனர். ஆடு மேய்த்தவரும், விறகு விற்றவரும், கரி சுட்டுப் பிழைத்த கொல்லரும் அன்றைய உணவுக்கே இடர்ப்பட்டனர். இக்குறையைக் கண்டே, குழுவின் வருமானத்தில் 25 சதவீதத்தைக் காட்டுக்கும், எஞ்சியதிற் பாதியையேனும் வறியோர்க்கும் பெண்கள் முன்னேற்றம் முதலியவற்றுக்கும் செலவிட வேண்டுமென 2019 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. சில குழுக்கள் காட்டில் ஒரு துண்டை நிலமற்றோர்க்கு ஒதுக்கி, விளக்குமாற்றுப் புல் நடுவிக்கின்றன. காடு அடர்ந்தபின் குரங்கும் பன்றியும் பயிருக்கு வருதல் தீராத தொல்லையாகவே உள்ளது.

நம் நாட்டிலும் உலர் வலயத்திலும் இடை வலயத்திலும் 2012 முதல் 2016 வரை அவுஸ்திரேலிய அரசின் உதவியுடன் சமுதாயக் காட்டுத் திட்டம் நடத்தப்பட்டது. இதில் விருப்பமுள்ள ஊரார் முதலிற் கிராம அலுவலர் வாயிலாக வன பாதுகாப்புத் திணைக்களத்தை அணுகுக. எழுத்து மூலமான உடன்பாடின்றி ஒரு மரத்தையும் வெட்டலாகாது. ஊர்க்கூட்டத்துக்கு விறகு பொறுக்கும் பெண்களையும் காணியற்றோரையும் தவறாது அழைக்க வேண்டும். எங்கே எது கிடைக்கும் என்பதை நன்கறிந்தவர் அவர்களே. எல்லையைக் குறித்தபின், கோடை முற்றுமுன்னரே குளத்துப் பக்கமும் பாதையோரமும் சருகை அகற்றித் தீத்தடுப்புப் பாதை அமைத்தல் வேண்டும். பாலைப்பழம் பறிப்போர் கொப்பை வெட்டலாகாது என்பதையும், தேன் எடுப்போர் தீப்பந்தத்தை அணைத்துவிட்டே திரும்ப வேண்டும் என்பதையும் முதற் கூட்டத்திலேயே எழுதி, யாவரும் ஒப்பமிடுக.